"கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்": வகுப்பில் மாட்டிக்கொண்ட வசனம்

பிரேசர்டவுன்காரன்
சபையில் பிள்ளைகளுக்கு நடக்கிற திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்) வகுப்பு, யோவான் 14:15. 'நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்.' கன்னட மீடியம் பையன் கையைத் தூக்கினான்: "ஐயா, ஸ்கூல்ல கல்பனென்னா இல்லாததை மனசுல நினைக்கிறது. இயேசு நினைச்சதை நாம எப்படிக் கைக்கொள்றது?" எல்லாரும் சிரித்தார்கள். பதில் யாரும் சொல்லவில்லை.

அல்சூர் அக்கா
பையன் மேல தப்பில்ல. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு வேதாகமத்தில் கற்பனைன்னா கட்டளை, பத்துக் கற்பனை மாதிரி. மூலமான கிரேக்கத்தில் யோவான் 13:34லும் 14:15லும் ஒரே சொல், 'என்டொலே'. தமிழில் அங்கே 'புதிதான கட்டளை', இங்கே 'கற்பனைகள்'. 'ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள்' என்பதோடு இருந்த தொடுப்பு இதில்தான் அறுந்துபோகுது.

வசனக்கணக்கு
இன்னொன்றும் உண்டு அக்கா. கிரேக்க வினையில் ஓர் உயிரெழுத்துதான் வித்தியாசம்: பழைய பிரதிகளில், அலெக்சாந்திரியக் கையெழுத்துப்படியில் 'கைக்கொள்ளுங்கள்', வத்திக்கான் படியில் 'கைக்கொள்வீர்கள்'. 1995-ல் வந்த புதிய தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியமும் 'கடைப்பிடிப்பீர்கள்' என்றே போடுகிறது. அன்பிருந்தால் கீழ்ப்படிதல் தானாக வரும், அவ்வளவுதான்.

டேனரிரோடு
தானாக வரும்னு தூங்கிடாதீங்க பிரதர். 15:10-ல் 'கைக்கொண்டிருந்தால்'னு நிபந்தனை நிக்குது. ஆனா நம்ம பக்கம் நடக்கிற கூத்து வேற. லெந்து (தவக்கால) கூட்டத்தில ஒருத்தர் இதோட, சபையை நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்ற எபிரெயர் 13:17-ஐ ஒட்டி, "இயேசுவை நேசிச்சா நடத்துகிறவன் பேச்சைக் கேளு"ன்னு முடிச்சார். அங்கே உள்ள வினை 'பெய்தோ', எடுத்துச் சொன்னதை ஏற்று இணங்குவது. இங்கே 14:15-ல் 'டேரெயோ', பத்திரமாக் காத்துக்கிறது. ரெண்டும் ஒண்ணில்ல.

பாடம் எடுக்கிறவங்க 14:15-ஐத் தனியாப் பிடுங்காதீங்க. 13:34, 14:15-16, 14:21, 15:10-15 இந்த வரிசையில பிள்ளைகளையே வாசிக்க விடுங்க. கட்டளை, கற்பனை வர்ற இடமெல்லாம் பென்சிலால வட்டம் போடட்டும். 14:15-ல் பன்மை, 15:12-ல் 'என்னுடைய கற்பனையாயிருக்கிறது'ன்னு ஒருமை, அதுவும் ஒருவரிலொருவர் அன்பாயிருக்கிறதுதான். 14:16-ஐ விட்டா தேற்றரவாளன், அதாவது துணைக்கு வர்ற பரிசுத்த ஆவியானவர், போயிடுவார், பிள்ளைங்க சொந்த பலத்தில முயன்று ரெண்டு வாரத்தில சோர்ந்துடும். 15:15-ஐ விட்டா 'இனி நான் உங்களை ஊழியக்காரரென்று சொல்லுகிறதில்லை' போச்சு, அப்புறம் மிச்சம் வெறும் அதட்டல்.

அல்சூர் அக்கா
கன்னட பைபிளையும் பக்கத்தில வைங்க. அங்கே 'ஆக்ஞெ', அதாவது கட்டளைன்னே இருக்கு, அந்தப் பையனுக்கு உடனே புரியும்.