பெரட்டுக்கு நின்ற பாட்டியும் பக்கத்து வீட்டு எல்டரும்

கிறிஸ்தவ ஊழியக்காரர்களோடு ஏற்பட்ட அனுபவங்களை எல்லாரும் எழுதி வருகிறீர்கள், பெரும்பாலும் வீடு தேடி வந்தவர்களைப் பற்றி. என் அனுபவத்தில் அவர்கள் வீட்டுக் கதவை நான்தான் முதலில் தட்டினேன். 2018 அக்டோபரில் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) ஒரு அமெரிக்கத் தம்பதி வாடகைக்கு வந்தார்கள். மறுநாளே அவர்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வழிந்து எங்கள் சுவரோரம் ஓட ஆரம்பித்தது, அதைச் சொல்லப் போனேன். கதவைத் திறந்தவருக்கு எழுபது வயது இருக்கும், சட்டைப் பையில் கறுப்பு நிறத்தில் பெயர் அட்டை. தொட்டியை எப்படி மூடுவது என்று தெரியாமல் நனைந்துபோய் நின்றார். இரண்டு பேரும் மேலே ஏறி மிதவையைச் சரிசெய்தோம்.

அவர்கள் பிற்காலப் புனிதர்கள் சபையைச் சேர்ந்தவர்கள், மோர்மன் என்று சொன்னால் பலருக்குத் தெரியும். அவரை எல்டர் என்றும் அந்த அம்மாவை சிஸ்டர் என்றும்தான் கூப்பிட வேண்டுமாம். எல்டர் என்றால் வயதானவர் என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டு வருஷம் ஊழியத்துக்கு வரும் 19 வயதுப் பையனுக்கும் அதே பட்டம்தான். ஓய்வு பெற்ற தம்பதிகள் விருப்பப்பட்டு வருகிறார்கள். இவர்கள் 18 மாதத்துக்கு எழுதிக்கொடுத்து வந்தவர்கள். சம்பளம் கிடையாது. வீட்டு வாடகை, சாப்பாடு எல்லாம் சொந்தக் காசு. ஐடஹோவில் மாட்டுப் பண்ணை வைத்திருந்தவர், அதை மகனிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். ஒன்பது பேரப்பிள்ளைகள். எங்களுக்குக் காலை 9 மணி என்றால் அங்கே முந்தின நாள் இரவு 7, குளிர்காலத்தில் 6. ஞாயிறு தவிர மற்ற நாள் அந்த நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் பேரப்பிள்ளைகளின் சத்தம் கேட்கும்.

வேலை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் வெளியே தெரியாது. எங்கள் பக்கம் அவர்கள் சபையைச் சேர்ந்த சில குடும்பங்கள் இருந்தன, அவர்களைப் போய்ப் பார்ப்பது, நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, ஞாயிறு காலை ஈப்போவுக்குக் காரோட்டிப் போவது. தெருவில் உள்ள மலாய்க் குடும்பங்களோடு சாப்பாடு, பூச்செடி தவிர வேறு பேச்சே வைத்துக்கொள்ளமாட்டார்கள். முஸ்லிம்களிடம் வேறு மதம் பரப்புவதை இங்கே மாநிலச் சட்டங்கள் தடுக்கின்றன, அரசியலமைப்பின் 11(4) பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. அந்த எல்லையை அவர்கள் ஒரு நாளும் தாண்டியதை நான் பார்க்கவில்லை. எங்களிடமும் அப்படித்தான், நாங்கள் கேட்டால் மட்டும் பதில் வரும்.

சரி, பாட்டி கதைக்கு வருகிறேன். என் பாட்டிக்கு அப்போது 86 வயது. நாற்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை இருட்டில் பெரட்டுக் களத்தில், அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், வரிசையில் நின்று, துரை வந்தால் தலைகுனிந்து, கங்காணி திட்டினால் வாய்திறக்காமல் வளர்ந்த தலைமுறை. முதல் தடவை அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது பாட்டி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். "தொரை ஒக்காருங்க" என்கிறார், தான் மட்டும் உட்காரவில்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் எல்டர் பட்டென்று பாயில் உட்கார்ந்துவிட்டார், முட்டிவலியோடு. அவர் கீழே உட்கார்ந்ததும் பாட்டிக்கு இன்னும் பதற்றம், "ஐயோ, தொரைய தரையில ஒக்கார வச்சிட்டீங்களேடா" என்று என்னைத் திட்டினார். அடுத்தடுத்த வாரங்களில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள், வாசல்படியில் மூன்று பேரும் ஒரே உயரத்தில் உட்கார்ந்துகொள்வது. தொரை என்ற பேச்சு மட்டும் கடைசிவரை போகவில்லை.

அப்புறம் தேத்தண்ணி. பாட்டி கலக்கிக் கொடுத்த தேத்தண்ணியை அந்த அம்மா கையில் வாங்கிக்கொண்டு தவித்ததை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். அவர்கள் மார்க்கத்தில் 1833லிருந்து இருக்கும் ஒரு கட்டளைப்படி தே, கோப்பி, மது, புகையிலை எதுவும் கூடாது. வந்த வீட்டில் தண்ணிகூடக் குடிக்காமல் போனால் பாட்டி அதை அவமானமாக எடுத்துக்கொள்வார். மைலோ கலக்கிக் கொடுத்ததும் தீர்ந்தது. மழை நாளில் சுக்குத்தண்ணி. மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை பட்டினி இருந்து அந்தச் சாப்பாட்டுக் காசை ஏழைகளுக்குக் கொடுப்பார்கள் என்று தெரிந்த பிறகு பாட்டிக்கு அவர்கள்மேல் தனி மரியாதை வந்துவிட்டது. அவரும் புரட்டாசி சனி தவறாதவர்.

நான் எழுத வந்தது இனிமேல்தான். அந்த அம்மாவுக்குக் குடும்ப வரலாறு எழுதுவதில் பெரிய ஈடுபாடு. அவர்கள் சபையே முன்னோர் பெயர்களைத் தேடித் தொகுப்பதைப் பெரிய கடமையாக வைத்திருக்கிறது. ஒரு நாள் பள்ளிக்கூட நோட்டு ஒன்றை வாங்கிவந்து, பாட்டியின் அப்பா பெயர், தாத்தா பெயர் என்று கேட்க ஆரம்பித்தார். நான் நேராகவே கேட்டேன், இறந்தவர்களுக்காக நீங்கள் ஞானஸ்நானம் செய்வீர்களாமே, இது அதற்கா? எல்டர் மழுப்பவில்லை. ஆமாம், எங்கள் ஆலயங்களில் செய்கிறோம், ஆனால் அவரவர் சொந்த முன்னோருக்குத்தான் செய்ய வேண்டும், இந்த நோட்டு உங்கள் வீட்டை விட்டு எங்கேயும் போகாது என்றார். என் அம்மாவுக்கு முழுச் சமாதானம் இல்லை. எனக்கும் அவர்கள் நம்பிக்கையில் உடன்பாடு கிடையாது. ஆனால் அந்தப் பதிலை நம்பினேன்.

வாரம் ஒரு நாள் உட்கார்ந்தார்கள், நான் நடுவில் மொழிபெயர்ப்பு. பாட்டிக்குத் தேதி எதுவும் தெரியாது. பெரியம்மா எப்போது பிறந்தார் என்றால், "எல்பில் தோட்டத்துல தொரையச் சுட்டாங்களே, அந்த வருஷம்." நான் தேடிச் சொன்னேன், 1948 ஜூன் 16. அன்றைக்கு எங்கள் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரர்கள் சுடப்பட்டார்கள், கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் வந்ததே அதற்குப் பிறகுதான். பிறப்புப் பத்திரத்தில் 1950 என்று இருந்த பெரியம்மாவுக்கு எழுபது வயதில் சரியான வயது கிடைத்தது. பத்திரத்தில் பெயரையும் கிராணி (குமாஸ்தா) காதில் விழுந்தபடி எழுதியிருந்தார், பாட்டி சொன்ன பெயரை நோட்டில் தமிழிலேயே எழுதவைத்தார் அந்த அம்மா.

பாட்டியின் அப்பா பெயருக்கு வந்தபோது நின்றுவிட்டது. ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்குப் பிடித்துப் போனார்கள், திரும்பவில்லை. 1942-43இல் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டருக்குப் போட்ட அந்த ரயில் பாதை வேலைக்கு. பாட்டிக்கு அப்போது பத்து, பதினொரு வயது. எங்கே அடக்கம் செய்தார்கள் என்று அந்த அம்மா கேட்டார், நான் அதைத் தமிழில் கேட்டேன். பாட்டி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அன்னிக்கிப் பழையசோறு கரைச்சுக் குடுத்தேன், குடிக்காமப் போயிட்டாரு" என்றார். அம்பது வருஷமாக அவரோடு ஒரே வீட்டில் இருக்கும் என் அம்மாவுக்கே அது புதிது. நாங்கள் யாரும் கேட்டதே இல்லை. அந்த அம்மா பேனாவை மூடிவிட்டுப் பாட்டி கையைப் பிடித்துக்கொண்டார், அன்றைக்கு மேற்கொண்டு எதுவும் எழுதவில்லை.

2020 மார்ச் 18இல் கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. வெளிநாட்டில் இருந்த ஊழியக்காரர்களைச் சபை திருப்பி அழைத்துக்கொண்டது. இவர்களுக்கு 18 மாதம் முடியச் சில வாரம்தான் பாக்கி. கேட்டுக்கு வெளியே நின்று கையசைத்தார்கள், பாட்டி உள்ளே நின்று இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். கேட்டில் ஒரு பை தொங்கியது. நோட்டும், பிரிக்காத மைலோ பாக்கெட்டும்.

— சுங்கை சிப்புட் பேரன்

படித்துவிட்டு எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இதுவே தலைகீழாக நடந்தது. தெலுக் இந்தானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களாக இருந்து ஓய்வுபெற்ற என் மாமாவும் அத்தையும் சபை ஊழியத்துக்காகக் கம்போடியா போனார்கள். உறவில் எல்லாருக்கும் கோபம், இந்த வயதில் எதற்கு என்று. முதல் மூன்று மாதம் அத்தை ஒவ்வொரு இரவும் அழுதாராம், மாமா இதை எங்களிடம் சொல்லவே இல்லை. அங்கே ஒரு கிழவி தினமும் வாசலில் கீரை வைத்துவிட்டுப் போவாராம், பேச்சு எதுவும் கிடையாது, மொழி தெரியாது. அத்தை பதிலுக்கு ஊறுகாய் வைப்பார். உங்கள் பக்கத்து வீட்டு அம்மாவும் இரவில் அழுதிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

— தெலுக் இந்தான் மருமகள்

அழுதிருப்பார், அக்கா. சில நாள் காலையில் கண் வீங்கியிருக்கும், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்பார், நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம். பாட்டி 2021இல் தவறிவிட்டார். சடங்குக்கு வீடியோவில் வந்தார்கள், அங்கே நடுராத்திரி, இரண்டு பேரும் சட்டையில் பெயர் அட்டை இல்லாமல் உட்கார்ந்திருந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். நோட்டில் கொள்ளுத்தாத்தா பக்கத்தில் பெயர் மட்டும்தான் இருக்கிறது. சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து சயாமுக்குப் போனவர்களைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏதாவது சொல்லியிருந்தால், எந்தத் தோட்டம், எந்த லயம் (தொழிலாளர் வரிசை வீடு), யாரோடு போனார்கள் என்று சின்னத் தகவலாக இருந்தாலும் இங்கே எழுதுங்கள்.

— சுங்கை சிப்புட் பேரன்