மெட்ரோ ரயில்களை எதை வைத்து ஒப்பிடுவது? உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. நகர ரயில் அமைப்புகளின் இயக்கத் திறனை ஒப்பிட்டு ஆய்வறிக்கை எழுதுகிறேன். நேரந்தவறாமையிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கடைசி நிலையத்துக்கு அட்டவணையிலிருந்து 5 நிமிடத்துக்குள் ரயில் வந்துவிட்டால் 'சரியான நேரம்' என்பது நியூயார்க் கணக்கு. நடுவில் இரண்டு ரயில்கள் ஒட்டிக்கொண்டு வந்து, அடுத்ததற்குப் பயணிகள் வெகுநேரம் காத்து நின்றாலும் அந்த எண்ணில் தெரியாது. லண்டனில் ஒரு தடங்கலால் பயணிகள் மொத்தம் எத்தனை மணிநேரம் இழந்தார்கள் என்று பார்க்கும் வழக்கம் உண்டு. எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. காலை நெரிசலில் கதவு பழுதாவதும் நள்ளிரவில் பழுதாவதும் ஒன்றா என்ன?

அப்புறம் செயல்திறன். சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் 1978-இல் முன்வைத்த தரவு உறைப் பகுப்பாய்வைத்தான் (DEA: உள்ளீட்டுக்கு எவ்வளவு வெளியீடு கிடைக்கிறது என்று பார்த்து, தொகுப்பில் சிறந்தவற்றோடு ஒப்பிட்டு மதிப்பெண் தரும் முறை) எடுத்திருக்கிறேன். உள்ளீடு: ஊழியர், பெட்டிகள், மின்சாரம். வெளியீடாகப் பெட்டி-கிலோமீட்டரை (பெட்டிகள் ஓடிய மொத்தத் தூரம்) வைத்தால் காலியாக ஓடும் ரயிலுக்கும் நல்ல மதிப்பெண். பயணி-கிலோமீட்டரை (பயணிகள் எல்லோரும் போன மொத்தத் தூரம்) வைத்தால் மூச்சுமுட்டும் கூட்டத்துக்குப் பரிசு. பாதை நீளத்தையும் சேர்த்தால் மாறிகள் கூடிப்போய், பாதி நகரங்கள் முழுத் திறன் வாங்கிவிடுகின்றன!

செய்து பார்த்தவர்கள் எந்த வெளியீட்டை எடுத்தீர்கள்? ஓட்டுநரில்லா ரயில்களையும் மற்றவற்றையும் ஒரே தொகுப்பில் போடலாமா?