சாவி கொடுக்கும் பழைய கிராமபோன்: எந்த மாடல், ஏன் உள்ளிருந்து அடிக்கிறது?

கும்பகோணத்துக்காரர்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் பாட்டி வீட்டுப் பரணிலிருந்து, கறுப்புத் தோல்துணி ஒட்டிய, கைப்பெட்டி போல் மூடித் தூக்கிச் செல்லக்கூடிய சாவி கொடுக்கும் போனோகிராப் ஒன்று கிடைத்திருக்கிறது. மூடியின் உட்புறத்தில் நாய்ப் படம் உள்ளது. பாட்டிக்கு 1938-இல் திருமணமானபோது சீராக வந்தது என்று அம்மா சொல்கிறார். கைப்பிடியைச் சுற்றினால் இறுகுகிறது, தட்டும் சுழல்கிறது. ஆனால் இடையிடையே உள்ளிருந்து 'டம்' என்று ஓர் அடி கேட்கிறது, அப்போது தட்டும் ஒரு முறை துள்ளுகிறது. பாட்டு மெதுவாக இழுக்கிறது, குரலோடு ஓர் இரைச்சலும் சேர்ந்து வருகிறது. ஸ்பிரிங் உடைந்துவிட்டதா? இது எந்த மாடல் என்பதை எப்படி அறிவது? பெட்டியைத் திறப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளலாம் என்று எழுதுகிறேன்.

பழைய ரேடியோ:
திறப்பதற்கு முன் கேட்டது நல்லது ஐயா. பெயரை முதலில் சரிசெய்துவிடுகிறேன்: போனோகிராப் என்பது எடிசன் 1877-இல் உருவாக்கிய உருளைக் கருவி; தட்டையான இசைத்தட்டைச் சுழற்றும் உங்களுடையது, அந்த வகைத் தட்டை உருவாக்கிய பெர்லினரின் வழியில் வந்த கிராமபோன். தேடும்போது இந்தச் சொல்லைப் பயன்படுத்தினால்தான் சரியான உதிரிப்பாகங்கள் கண்ணில் படும்.

நாய்ப் படத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பழம்பொருள் கடைகளில் பளபளக்கும் பித்தளைக் குழாயோடு விற்கப்படும் 'பழைய' கிராமபோன்களில் பல, இதைப் போன்ற கைப்பெட்டியிலிருந்து மோட்டாரை எடுத்துப் புதுப்பெட்டியில் பொருத்தி, நாய்ப் படத்தையும் ஒட்டி அண்மையில் செய்யப்பட்டவை. அந்த வகையில் உங்கள் பெட்டி குலையாமல் தப்பியது பெரிய விஷயம். ஊசி பொருந்தும் வட்டமான சவுண்ட் பாக்ஸில் என்ன எண் இருக்கிறது, உள்ளே சிறு தகடு ஏதேனும் இருக்கிறதா, கைப்பிடி எந்தப் பக்கம் நுழைகிறது என்பவற்றைச் சொல்லுங்கள்.

கும்பகோணத்துக்காரர்:
சவுண்ட் பாக்ஸில் 5ஏ என்று உள்ளது. தகட்டில் 102 என்ற எண்ணும் அதன் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் தெரிகின்றன. கைப்பிடி வலப்புறம். மூடியில் இருந்த இசைத்தட்டுகளில் ஒன்று 1950-களில் வந்த சினிமாப் பாட்டு. அப்படியானால் அம்மா சொல்லும் ஆண்டு தவறா?

பழைய ரேடியோ:
இசைத்தட்டை வைத்துப் பெட்டியின் வயதைக் கணிக்க முடியாது; பெட்டி வந்த பிறகும் தட்டுகள் வாங்கிக்கொண்டுதானே இருந்திருப்பார்கள். உங்களுடையது எச்.எம்.வி. கம்பெனியின் 102. 1925-இல் வந்த 101-க்குப் பிறகு, 1931-இல் தொடங்கி 1950-களின் இறுதி வரை விற்ற மாடல் இது. 101-இல் இருந்த 4-ஆம் எண் சவுண்ட் பாக்ஸில் அதிரும் சவ்வு அப்ரகத் தகடு. 102-இல் வந்த 16, 5ஏ, 5பி ஆகியவற்றில் மெல்லிய அலுமினியத் தகடு. அதன் மேல் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே 1938 என்பது நன்றாகப் பொருந்துகிறது.

ஸ்பிரிங் உடையவில்லை. உடைந்திருந்தால் கைப்பிடி எவ்வளவு சுற்றினாலும் இறுகாது. ஸ்பிரிங் அடங்கிய டப்பாவுக்குள் இருக்கும் பழைய கிரீஸ் காய்ந்து பசையாகிவிட்டதால், சுருளின் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இழுவிசை மிஞ்சும்போது சட்டென்று பிரிகின்றன. அந்தப் பிரிவுதான் உங்களுக்குக் கேட்கும் அடி. வேகம் குறைவதற்கும் பெரும்பாலும் அதுவும், வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரில் எண்ணெய் வற்றியதும்தான் காரணம்.

மெக்கானிக் தம்பி:
இதற்குப் போய் ஸ்பிரிங்கை வெளியே எடுக்க வேண்டுமா அண்ணா? டப்பாவின் துளை வழியாகக் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டால் கிரீஸ் இளகிவிடும். நான் ஒரு சுவர்க்கடிகாரத்துக்கு அப்படித்தான் செய்தேன்.

பழைய ரேடியோ:
வேண்டாம் தம்பி. மண்ணெண்ணெய் வெளிமடிப்புகளை மட்டும் நனைத்துவிட்டு, கரைந்த அழுக்கைப் பற்சக்கரங்களின் மேல் கொண்டுபோய்ச் சேர்க்கும். நடுவில் இருக்கும் பசை அப்படியே இருக்கும். சில வாரம் அடி கேட்காமலிருந்து மறுபடியும் தொடங்கும். ஸ்பிரிங்கை எடுத்துத் துடைத்து, கிராஃபைட் கலந்த வாஸ்லைன் பூசித் திரும்பச் சுற்றுவதுதான் சரியான வழி.

ஆனால் ஐயா, இதை நீங்கள் தனியாகச் செய்யக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். பிரேக்கை விடுவித்துச் சுழலும் தட்டு தானாக நிற்கும் வரை முழுவதும் ஓடவிட்ட பிறகே மோட்டார்ப் பலகையைக் கழற்ற வேண்டும். அப்போதும் டப்பாவுக்குள் ஸ்பிரிங் அழுத்தத்தோடுதான் அடங்கியிருக்கும்; கை தவறினால் வாள் போல் வீசிக்கொண்டு வெளியே வரும். பெரிய கடிகாரங்களைப் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுங்கள். கவர்னரின் தாங்கிகளுக்கும், அதன் வட்டை உரசும் சிறு கம்பளித் துண்டுக்கும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

தட்டு சேகரிப்பவள்:
நானும் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். எத்தனை இசைத்தட்டுகளுக்கு ஒரே ஊசியை வைத்தீர்கள்? எஃகு ஊசியை ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று மாற்ற வேண்டும். தட்டின் அரக்குக் கலவை ஊசியைத் தேய்ப்பதற்கென்றே சொரசொரப்பாகச் செய்யப்பட்டது, தேய்ந்த ஊசி அடுத்த தட்டின் தடத்தை உழுதுவிடும். தட்டை ஸ்பிரிட்டால் துடைக்கவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். பிற்காலத்து, மெதுவாகச் சுழலும் எல்.பி. தட்டுகளை இதில் வைக்கவும் கூடாது.

கும்பகோணத்துக்காரர்:
பரணில் பெட்டியோடு கிடந்த துருப்பிடித்த ஊசி ஒன்றையே ஆறு தட்டுகளுக்கும் வைத்துவிட்டேன், வெட்கமாக இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் தடித்த கையுறை போட்டுக்கொண்டு ஸ்பிரிங்கை எடுத்தார். உள்ளே கிரீஸ் இல்லை, தார் போன்ற கறுப்புக் கட்டிதான் இருந்தது. இப்போது அடி அறவே இல்லை. தட்டின் ஓரத்தில் காகிதத் துண்டு ஒன்றைச் செருகி, பாட்டு ஓடும்போதே எண்ணினேன்: 30 விநாடிக்கு 36 சுற்று வந்தது, வேகத் திருகைச் சற்றுத் திருப்பியதும் 39 ஆயிற்று. நிமிடத்துக்கு 78 சரிதானே? புது ஊசி போட்டும் உச்ச ஸ்தாயியில் மட்டும் அந்த இரைச்சல் இருக்கிறது.

பழைய ரேடியோ:
78 சரி. மிச்சமிருக்கும் இரைச்சல் சவுண்ட் பாக்ஸுடையது: அலுமினியத் தகட்டின் விளிம்பை இருபுறமும் பிடித்திருக்கும் வளையங்கள் இத்தனை ஆண்டில் இறுகிப்போயிருக்கும். சவுண்ட் பாக்ஸை மட்டும் கழற்றி, அதைத் தாங்கும் கையான டோன் ஆர்மோடு சேரும் இடத்திலுள்ள ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள்; கல்லாக இருந்தால் உள் வளையங்களும் அப்படித்தான். திருகுகளைத் தளர்த்தும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்து இங்கே போடுங்கள்.