நாக்ஸோஸ் தீவுல குளிர்காலம் ஓட்டப் போறவங்களுக்கு

கேள்வி: அக்கா வணக்கம். எனக்கும் வைஃப்புக்கும் ஆன்லைன் வேலைதான், அதனால அக்டோபர் கடைசில ஏதென்ஸ்லேந்து நாக்ஸோஸுக்கு மாறலாம்னு இருக்கோம். வாடகை நல்லா கம்மியா சொல்றாங்க. நீங்க அங்கதான இருக்கீங்க, குளிர்காலத்துல வீட்டு வேலை, சாப்பாடு எல்லாம் எப்படி சமாளிக்கிறீங்கன்னு கொஞ்சம் விவரமா சொல்லுங்களேன். யூடியூப்ல பாத்தா எல்லாமே ஜூலை வீடியோவா இருக்கு.

பதில்: வாங்க தம்பி, தாராளமா வாங்க. முதல்ல ஒரு விஷயம், தீவு தேர்ந்தெடுத்தது சரி. குளிர்காலத்துலயும் உயிரோட இருக்கற தீவுன்னா சைக்ளேட்ஸ் தீவுக் கூட்டத்துல ஸீரோஸ், நாக்ஸோஸ் மாதிரி சிலதுதான், இங்க சுமார் 20,000 பேர் வருஷம் பூரா இருக்காங்க, விவசாயம் மாடு ஆடு சீஸ் உருளைக்கிழங்குன்னு டூரிஸ்ட் இல்லாமயும் பொழப்பு ஓடுது. சின்னத் தீவுக்குப் போயிருந்தீங்கன்னா நவம்பர்ல பேக்கரி ஒண்ணு, மளிகைக்கடை ஒண்ணு, பூனைங்க, அவ்ளோதான்.

வாடகை கம்மின்னு சொன்னீங்கல்ல, அதுல ஒரு கொக்கி இருக்கும், பாத்துக்கங்க. நிறைய ஓனர்ங்க செப்டம்பர்லேந்து மே வரைக்கும்தான் குடுப்பாங்க, சீசன் வந்தா காலி பண்ணு, டூரிஸ்ட்டுக்கு ராத்திரிக்கு இவ்ளோன்னு விட்டா ஒரு வாரத்துல உங்க மாச வாடகைய எடுத்துருவாங்க. பள்ளிக்கூடத்துக்கு மாத்தலாகி வர்ற டீச்சர்ங்க, டாக்டர்ங்களே இந்தத் தீவுங்கள்ல வீடு கெடைக்காம அல்லாடுறது கிரேக்க நியூஸ்ல வருஷா வருஷம் வருது. நிரந்தரமா குடியிருக்கற வீடுன்னா சட்டப்படி ஒப்பந்தம் குறைஞ்சது 3 வருஷம் செல்லும், அதனால பேப்பர்ல என்ன எழுதுறாங்கன்னு படிச்சு கேட்டு கையெழுத்துப் போடுங்க. ஒப்பந்தத்த ஓனர் வரித்துறை சைட்ல ஏத்துவார், நீங்க உங்க லாகின்ல போய் அத ஒத்துக்கணும், அதுக்கு அஃபிமி, அதாவது வரித்துறை குடுக்கற நம்பர் வேணும், ஏதென்ஸ்ல இருக்கும்போதே அத வாங்கியிருப்பீங்கன்னு நினைக்கறேன். கரண்ட்டு, போன், எல்லாத்துக்கும் அந்த நம்பரத்தான் கேப்பாங்க.

வீடு பாக்கும்போது கடல் தெரியுதான்னு பாக்காதீங்க. வடக்குப் பக்கம் எத்தனை ஜன்னல், சுவத்துல கருப்புப் புள்ளி இருக்கா, அலமாரிய தொறந்தா என்ன வாசனை வருது, இத பாருங்க. கோடைக்குன்னு கட்டுன வீடு நெறைய, ஹீட்டிங்னு ஒண்ணுமே இருக்காது, ஒரு ஏசி மட்டும் மாட்டிருப்பாங்க. பகல்ல வெளிய 14, 15 டிகிரி இருக்கும், வெயில்ல உக்காந்தா சுகமாத்தான் இருக்கும், உள்ள வந்தா கல்லு சுவரு ஜில்லுன்னு எலும்ப புடிக்கும். வட ஐரோப்பால பனி பேஞ்சு பாத்தவங்களே வந்து இங்க வீட்டுக்குள்ள ஜாக்கெட் போட்டு உக்காந்திருப்பாங்க. குளிரு பெருசில்ல, ஈரம்தான் எதிரி.

அதனால முதல் செலவு ஹீட்டர் இல்ல, அஃபிக்ராந்தீராஸ், அதாவது காத்துலேந்து ஈரத்த உறிஞ்சுற மெஷின். எலக்ட்ரிக் கடைல கெடைக்கும், தெனம் டேங்க் நெறைய தண்ணி புடிக்கும், அந்தத் தண்ணிய தரை துடைக்க வெச்சுக்கங்க, குடிக்க சமைக்க வேண்டாம். லெதர் செருப்பு, பெல்ட்டு, பட்டுப்பொடவை இதெல்லாம் மூடின அலமாரில வெச்சீங்கன்னா பூஞ்சை புடிச்சுரும், பட்டெல்லாம் ஏதென்ஸ்லயே யார் வீட்லயாவது குடுத்துட்டு வாங்க. சுவத்துல பூஞ்சை வந்தா இங்க எல்லாரும் க்ளோரினிதான் போடுவாங்க, அது ப்ளீச்தான், வினிகரும் போடலாம், ஆனா ரெண்டையும் ஒண்ணா சேக்கவே கூடாது, விஷ வாயு வரும். விறகு அடுப்பு இருக்கற வீடுன்னா ஆலிவ் விறகு நல்லது, நின்னு எரியும், ஆனா காஞ்ச விறகான்னு பாத்து அக்டோபர்லயே வாங்கிருங்க, மழைக்கப்புறம் விக்கறது புகை மட்டும்தான் தரும். கேஸ் ஹீட்டர்னா ஜன்னல கொஞ்சம் தொறந்து வெக்கணும், இது வெளையாட்டு இல்ல.

சரி இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். இங்க வீட்டு வேலைய கெழமை பாத்து செய்ய முடியாது, காத்த பாத்துதான் செய்யணும். காலைல எழுந்ததும் போன்ல காத்து எத்தன பியூஃபோர்ட் (காத்தோட வேகத்துக்கு இங்க சொல்ற அளவு), எந்தப் பக்கத்துலேந்துன்னு பாப்போம், கடைக்காரர், பால்காரர், பஸ் டிரைவர் எல்லார் வாயிலயும் அதுதான். வடக்குக் காத்து, வோரியாஸ், அடிச்சா துணி ஒரு மணி நேரத்துல காஞ்சுரும், ஆனா கிளிப்பு ரெண்டு ரெண்டா போடணும் இல்லன்னா உங்க வேட்டி பக்கத்து தோட்டத்து எலுமிச்ச மரத்துல இருக்கும். தெக்குக் காத்து, நோத்தியாஸ், அது வேற ஜாதி. பிசுபிசுன்னு இருக்கும், துணி ரெண்டு நாளானாலும் காயாது, சில நாள் ஆப்பிரிக்காலேந்து செம்மண் தூசிய அள்ளிட்டு வரும், வானமே ஆரஞ்சா மாறும், அதோட மழை வந்துச்சுன்னா சேத்து மழைதான், வெள்ளச் சுவரு, கார், கொடில கெடக்கற துணி எல்லாம் காவி கலர். தெக்குக் காத்துன்னு போட்டிருந்தா அன்னிக்கு வெளுத்த துணி தொவைக்காதீங்க, மாடிய கழுவாதீங்க, ரெண்டு நாள் பொறுத்து எல்லாத்தையும் ஒண்ணா கழுவிக்கலாம். பெரிய காத்து அடிச்சு ஓஞ்சதும் கண்ணாடி ஜன்னல்ல உப்பு படிஞ்சிருக்கும், நல்ல தண்ணில கழுவி விடுங்க, இரும்புக் கீல் பூட்டுக்கெல்லாம் கொஞ்சம் எண்ணெய் போடுங்க, இல்லன்னா மார்ச்ல தொறக்காது. தட்டையான மொட்டமாடிதான் எல்லா வீட்டுக்கும், முதல் மழைக்கு முன்னாடி தண்ணி போற ஓட்டைய சுத்தம் பண்ணிருங்க. இத ஓனர் செய்வார்னு காத்திருக்க வேண்டாம், அவர் ஏதென்ஸ்ல இருப்பார்.

இதே காத்துதான் கப்பலையும் முடிவு பண்ணும். ஏதென்ஸ் துறைமுகம் பிரேயஸ்லேந்து பெரிய கப்பல் அஞ்சு அஞ்சரை மணி நேரம், குளிர்காலத்துல எண்ணிக்கை கம்மி, வேகக் கப்பலெல்லாம் சீசனோட போயிரும். பொதுவா 8, 9 பியூஃபோர்ட்னு போச்சுன்னா துறைமுகத்துல அபகோரெஃப்திகோ போட்டுருவாங்க, கப்பல் பொறப்படக் கூடாதுன்னு தடை, சின்னக் கப்பலுக்கெல்லாம் அதுக்கு முன்னாடியே. ரெண்டு மூணு நாள் கப்பல் வரலன்னா சூப்பர் மார்க்கெட்ல தக்காளி, வெளியூர் காய்கறி, ரொட்டி வகையெல்லாம் காலியாகும். பாலும் சீஸும் உருளைக்கிழங்கும் உள்ளூர்லயே வர்றதால நாக்ஸோஸ்ல பட்டினி எல்லாம் கெடையாது, ஆனாலும் ஒரு வாரத்துக்கு அரிசி, பருப்பு, மாத்திரை, கேஸ் சிலிண்டர் கைல இருக்கட்டும். தெனமும் சாப்புடற மாத்திரை இருந்தா ஒரு பட்டை முடியற அன்னிக்குப் போய் நிக்காதீங்க. ஏதென்ஸ்ல ஃப்ளைட் புடிக்கணும்னா முந்தின நாள் இல்ல, ரெண்டு நாள் முன்னாடி போயிருங்க. இங்கயும் சின்ன ஏர்போர்ட் இருக்கு, ஆனா அதுவும் சின்ன விமானம், அதுக்கும் அதே காத்துதான்.

தண்ணி விஷயம். சைக்ளேட்ஸ் பூரா தண்ணிக் கஷ்டம் உண்டு, 2024 கோடைல நாக்ஸோஸ் நீர்த்தேக்கமே வத்திப் போய் கடல்தண்ணிய சுத்திகரிக்கற மெஷின் கொண்டு வர்ற நிலைமை ஆச்சு. குழாய்த் தண்ணி உப்பும் சுண்ணாம்புமா இருக்கும், குடிக்க வாங்கிக்கங்க, பருப்பு வேக வெக்கவும் வாங்கின தண்ணியே நல்லது, குழாய்த் தண்ணில பருப்பு லேசுல வேகாது. கெட்டில்ல வெள்ளை படிஞ்சா எலுமிச்ச உப்பு போட்டு கொதிக்க விடுங்க. குளிக்கற வெந்நீருக்கு தெர்மோசீஃபோனாஸ்னு டேங்க் இருக்கும், சுவிட்ச் பாத்ரூம்ல இருக்காது, ஃப்யூஸ் போர்டுல இருக்கும், அரை மணி முன்னாடி போட்டு குளிக்கும்போது அணைச்சுருங்க, நாள் பூரா விட்டா கரண்ட்டு பில்லு எகிறும். டாய்லெட்ல பேப்பர் போடக்கூடாது, குழாய் குறுகலானது, பக்கத்துல கூடை இருக்கும். குப்பைய யாரும் வீட்டு வாசல்ல வந்து எடுக்க மாட்டாங்க, தெருமுனைத் தொட்டிக்கு நாமதான் தூக்கிட்டுப் போகணும், மூடிய சரியா மூடுங்க, காத்துன்னா தெரு பூரா உங்க குப்பைதான்.

கடை நேரம் உங்களுக்கு ஏதென்ஸ்லயே பழகிருக்கும், இங்க இன்னும் பழைய முறை: திங்க, புதன், சனி மத்தியானத்தோட மூடிருவாங்க, செவ்வா, வியாழன், வெள்ளி சாயங்காலம் திரும்ப தொறப்பாங்க. ஞாயித்துக்கெழமை குளிர்காலத்துல சூப்பர் மார்க்கெட்டும் கெடையாது. அப்புறம் மத்தியானத் தூக்கம் இங்க சட்டம், அக்டோபர்லேந்து மார்ச் வரைக்கும் மூணரைலேந்து அஞ்சரை சத்தம் போடக்கூடாது, ராத்திரி பத்துக்கு மேலயும் கூடாது. நாலு மணிக்கு மிக்ஸி போட்டு சட்னி அரைக்கறது, குக்கர் விசில் விடறது எல்லாம் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு வெடிகுண்டு மாதிரி. காலைல பதினொண்ணுக்கே அரைச்சு வெச்சுருங்க.

சமையலுக்கு பயப்படவே வேண்டாம். பட்டாணிப் பருப்பு மாதிரி மஞ்சளா ஃபாவான்னு விக்கும், சாம்பார் பருப்புக்கு அது போதும், கடையறதுக்கு துவரம்பருப்ப விட நல்லாருக்கும்னுகூட சொல்லுவேன். கொண்டக்கடலை, மைசூர்ப் பருப்பு வகை, காராமணி எல்லாம் எந்தக் கடைலயும் உண்டு. புழுங்கலரிசிக்கு கித்ரினோன்னு மஞ்சளா ஒரு அரிசி இருக்கும், இட்லிக்கு அது ஓடுது. உளுந்து, பெருங்காயம், புளி மட்டும் ஏதென்ஸ்ல ஓமோனியா பின்னாடி மெனாந்த்ரூ தெரு பங்களாதேஷ், பாகிஸ்தான் கடைங்கள்ல மொத்தமா வாங்கிட்டு வந்துருங்க. மாவு குளிர்ல பொங்காது, அவன்ல விளக்க மட்டும் போட்டு உள்ள வெச்சா காலைல பொங்கிருக்கும். தயிருக்கு இங்க ஆட்டுத் தயிரு, அதுல மோர்க்கொழம்பு வெச்சா நம்மூர்ல கெடைக்காத ருசி. கொத்தமல்லி கடைல வாரக்கணக்குல வராது, தனியாவ ஒடைச்சு தொட்டில போட்டுருங்க, குளிர்லதான் அது நல்லா வரும். வெந்தயமும் அப்படித்தான்.

முதல் மழை பேஞ்சதும் மலைச் சரிவு பூரா கீரைதான், ஹோர்தான்னு சொல்லுவாங்க, வயசானவங்க கைல கத்தியும் பையுமா குனிஞ்சு பறிச்சுட்டே போவாங்க. அவங்க அவிச்சு ஆலிவ் எண்ணெய், எலுமிச்ச விட்டு சாப்புடறாங்க, நாம தேங்கா போட்டு பொரியல் பண்ணிக்கலாம், கொஞ்சம் கசக்கும். ஆனா தனியா போய் பறிக்காதீங்க, விஷச் செடியும் பக்கத்துலயே மொளைக்கும், தெரிஞ்சவங்க கூடப் போங்க. போனா அந்த வருஷத்துக்கு அக்கம்பக்கம் உறவே அமைஞ்சுரும். அதே மாதிரி நவம்பர்ல ஆலிவ் பறிக்கக் கூப்புட்டா மாட்டேன்னு சொல்லாதீங்க. முதுகு போயிரும்தான், ஆனா கேன்ல எண்ணெய் வரும், அதுக்கப்புறம் உங்க வீட்டுப் பைப்பு ஒடைஞ்சா பிளம்பர் போன எடுப்பார். குளிர்காலத்துல இங்க வேலைக்காரங்க கெடைக்கறது காசால இல்ல, பழக்கத்தாலதான்.

உடம்புக்கு: ஹோரால, அதாவது தீவோட முக்கிய ஊர்ல, ஹெல்த் சென்டர் இருக்கு, சாதாரணத்துக்கு போதும், பெரிய கேஸ்னா ஸீரோஸ் இல்லன்னா ஏதென்ஸ்தான். அவசர நம்பர் 112, ஆம்புலன்ஸ் 166, ரெண்டையும் போன்ல போட்டு வெச்சுக்கங்க. மருந்துக்கடைங்க முறை வெச்சு ராத்திரி தொறப்பாங்க, எந்தக் கடைன்னு மூடின கடைக் கதவுலயே ஒட்டிருக்கும்.

தனிமைய பத்தி கேக்கல, ஆனா சொல்றேன். டிசம்பர்ல அஞ்சரைக்கெல்லாம் இருட்டிரும், பீச் ஓரத்துல எல்லா கடையும் பலகை அடிச்சு மூடிருக்கும், தமிழ்ல பேச ஆளு இருக்காது. வீட்டுக்குள்ளயே லேப்டாப்போட கெடந்தீங்கன்னா ஜனவரில ரெண்டு பேரும் சண்டை போடுவீங்க. தெனம் ஒருதடவ கஃபேனியோக்கு போங்க, காபி சின்னக் காசுதான், கிரேக்கம் தப்புத் தப்பா பேசுங்க. ஜனவரி நடுவுல திடீர்னு காத்து நின்னு கடல் கண்ணாடியா சில நாள் கெடைக்கும், மீன்கொத்தி முட்ட வெக்கற நாள்னு இங்க பழைய கதை. அந்த நாள்ல லீவு போட்டுட்டு மெத்தை, கம்பளி எல்லாத்தையும் வெயில்ல போட்டு, ஃபிலோத்தி, அபீராந்தோஸ்னு மலை ஊருக்கு போயிட்டு வாங்க. பஸ் குளிர்காலத்துல பள்ளிக்கூட நேரத்தத்தான் ஒட்டி ஓடும், திரும்பற பஸ் எப்பன்னு கேட்டுட்டு ஏறுங்க.

கேள்வி: ரொம்ப நன்றி அக்கா, வேட்டி மேட்டர் படிச்சு வைஃப் சிரிச்சுட்டே இருக்கா. இன்னொண்ணு, மார்ச்ல என் மாமியார் வர்றாங்க, சுத்த சைவம், முட்டைகூட கெடையாது. வெளிய சாப்புட ஏதாவது கெடைக்குமா?

பதில்: மார்ச்சா, அதவிட நல்ல மாசம் இல்ல. ஈஸ்டருக்கு முன்னாடி பெரிய நோன்பு ஓடும், கறி, பால், முட்ட எதுவும் சேக்காத சாப்பாட்ட நிஸ்தீசிமோன்னு பேக்கரிலயே எழுதி வெச்சிருப்பாங்க, கீரை பை, எள்ளு அல்வா, நோன்பு தொடங்குற திங்கக்கெழமைக்கு லகானான்னு தட்டை ரொட்டி, எல்லாம் அம்மா தைரியமா சாப்புடலாம். ஆனா ஒண்ணு, நிஸ்தீசிமோன்னா கடல் சாமான் சேராதுன்னு அர்த்தம் இல்ல. ஆக்டபஸ், இறால், கணவாய் எல்லாம் அவங்களுக்கு நோன்புச் சாப்பாடுதான். பீன்ஸ் சூப்னு வெச்சாகூட கரண்டிய போட்டு ஒருதடவ கெளறிப் பாருங்க, இல்லன்னா ஆர்டர் பண்ணும்போதே கடல் சாமானும் வேண்டாம்னு தனியா சொல்லிருங்க.