பரம்பரையாக வந்த ஜப்பானியச் செப்புத் தட்டுகள்: துலக்கலாமா?

கேள்வி (மயில்துத்தம்)
வணக்கம். குடும்பச் சொத்தாக 5 ஜப்பானியத் தட்டுகள் வந்திருக்கு. கருஞ்சிவப்பில் லேசாக ஊதா, மேலெல்லாம் சுத்தியல் தடம், பின்பக்கம் சின்ன முத்திரை. மரப்பெட்டி மூடியில் மையெழுத்து. ஒரு தட்டின் ஓரத்தில் பச்சைப் புள்ளிகள். என்ன உலோகம்? துலக்கலாமா? பலகாரம் வைக்கலாமா?

உளிச்சத்தம்
தயவுசெய்து துலக்காதீங்க. அந்த நிறம் அழுக்கு இல்லை, கைவினைஞர் வேணும்னே ஏற்றினது. நீகாதா மாகாணம் ட்சுபமே ஊரின் ட்சுயிகி முறையில், ஒரே செப்புத் தகட்டை அடித்தே வடிவத்தை எழுப்புவாங்க. அடிக்க அடிக்கச் செம்பு இறுகிடும். தீயில் காட்டி இளக்காமல் தொடர்ந்தால் விரிசல் விடும். கடைசியில்தான் கந்தகக் கரைசலில் கருக்கி, தேய்த்து, மயில்துத்தம் (செப்பு சல்பேட்) கலந்த கரைசலில் கொதிக்கவைத்து நிறமேற்றுவாங்க. படலம் ரொம்ப மெல்லிசு. எலுமிச்சை, வினிகர், பாலிஷ் எது பட்டாலும் வெறும் செம்பு பல்லிளிக்கும், வீட்டில் திருப்ப முடியாது. வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான துணி, உடனே துடைக்கணும். அவ்வளவு போதும்.

உட்புறம் வெள்ளீயம் பூசாத செம்பு என்றால் புளிப்பான எதுவும் வேண்டாம், செம்பு கரைந்து இறங்கும். காகிதம் விரித்து உலர்ந்த இனிப்பு வைக்கலாம். பூசியிருந்தாலும் அடுப்பில் ஏற்றாதீங்க. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிடும்.

எடைக்கல்
உரசிப் பார்க்காமலே உலோகத்தைக் கண்டுபிடிக்கலாம். காந்தம் ஒட்டாததை உறுதி செய்துட்டு, தட்டை எடை போடுங்க. தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து பூஜ்யமாக்குங்க. தட்டை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க முக்குங்க. காட்டும் கிராம்தான் கன செ.மீ. எடையை அதால் வகுத்தால் அடர்த்தி: செம்பு 8.96, வெள்ளீயம் 7.3, வெள்ளி 10.5. சுத்தியல் குழிகளில் காற்றுக்குமிழ் ஒட்டினால் அடர்த்தி குறைவாகத் தெரியும், தட்டிவிடுங்க. 3–5% தங்கம் கலந்த ஜப்பானியச் செப்புக் கலவையான ஷகுடோவும் 9 பக்கமே வரும், அதை இந்தச் சோதனை பிரித்துக் காட்டாது.

மயில்துத்தம்
412 கிராம், தண்ணீரில் 46. பச்சையை லேசாகத் துடைத்தால் மாவு மாதிரி வருது, சில நாளில் திரும்பவும் பூக்குது.

கிரிமரம்
8.96, செம்போடு ஒத்துப்போகுது. ஆனால் மாவாகத் திரும்பப் பூக்கும் வெளிர்பச்சை நல்லதில்லை. உப்பின் குளோரைடு உள்ளே புகுந்து, ஈரம் கிடைக்கும்போதெல்லாம் செம்பை அரிக்கும். கெட்டியான கரும்பச்சை அப்படிப் பரவாது. அந்த ஒரு தட்டைப் பிரித்து, சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வைத்து, உலோகப் பாதுகாப்பு நிபுணரிடம் காட்டுங்க.

பெட்டியைத் தட்டு அளவுக்கே மதிங்க. கைவினைக் குடும்பங்களில் ஒரே பெயர் தலைமுறை தலைமுறையாக இறங்கும். கியோட்டோவின் நாககாவா ஜோயெகி வீடு அப்படித்தான். முத்திரை மட்டும் பார்த்து எந்தத் தலைமுறை என்று சொல்வது கஷ்டம், மூடி எழுத்தும் அதன் முத்திரையும் சேர்ந்தால்தான் பிடி கிடைக்கும். பூச்சில்லாத மரம் என்பதால் ஈரத்துணி பட்டால் மை கலங்கிடும். பக்கவாட்டில் வெளிச்சம் விழ, மூடியை உள்ளும் புறமும் படமெடுத்துப் போடுங்க. ரப்பர் பேண்டும் கம்பளித் துணியும் வேண்டாம், அவற்றின் கந்தகம் செம்பில் கறையேற்றும்.