கோழிகளைத் துரத்தும் ஆண் வாத்து

கேள்வி: எங்கள் கொல்லையில் 8 நாட்டுப் பெட்டைக்கோழிகளுடன் 2 ஆண் வாத்துகளும் 3 பெண் வாத்துகளும் ஒன்றாக வளர்கின்றன. சில வாரங்களாக ஓர் ஆண் வாத்து கோழிகளின் பிடரியைக் கவ்வி மேலேறுகிறது. ஒரு கோழிக்குக் கழுத்து இறகு உதிர்ந்து தோல் புண்ணாகிவிட்டது. என்ன செய்யலாம்?

பதில் 1: இன்றே பிரித்துவிடுங்கள். சேவலுக்கு இல்லாத புணர்ச்சி உறுப்பு ஆண் வாத்துக்கு இருப்பதால், அது பெட்டைக்கோழியின் உட்பகுதியைக் கிழித்து உயிரையே பறிக்கக்கூடும்.

பதில் 2: அதைவிட, கணக்கே தவறு என்பேன். ஓர் ஆணுக்கு 4 முதல் 6 பெண் வாத்துகளாவது இருக்க வேண்டும். ஓர் ஆணை விற்றுவிடுங்கள். மனமில்லையெனில் ஆண்கள் இரண்டையும் பெண் வாத்துகள் கண்ணில் படாத தனிப்பட்டியில் விடுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும்.

கேட்டவர்: மூங்கில் தட்டியால் அடைத்துவிட்டேன். ஆனால் காயம்பட்ட கோழியை மற்ற கோழிகள் கொத்துகின்றன.

பதில் 1: இரத்தம் கண்டால் கொத்தத்தான் செய்யும். உப்புநீரால் புண்ணைக் கழுவி, ஆறும்வரை தனியே வைத்திருங்கள்.