ரெகுலேற்றருக்குச் 'சீராக்கி' பொருந்துமா? 'மட்டுறுத்தி' என்ற சொல் குறித்து

வணக்கம்.

பழைய கார்களின் மின்னேற்றத் தொகுதியில் உள்ள வோல்ற்றேஜ் ரெகுலேற்றருக்குச் 'சீராக்கி' என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்று நண்பர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர் 1000 ஒன்றை ஓட்டிவரும் நான், அதன் ரெகுலேற்றரை மாற்றிய முறையை முன்பு எழுதியபோது அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினேன். அதை வாசித்த ஒருவர், டைனமோவுக்குப் பதிலாக ஓல்ரனேற்றர் (ஆடலோட்ட மின்பிறப்பாக்கி) பூட்டியிருந்த தம் வண்டியில், சீராக்கி பழுது என்பதை டயோட் தகடு பழுது என்று எடுத்துக்கொண்டு, நன்றாக இருந்த தகட்டைக் கழற்றிவிட்டுப் புதியது வாங்கிப் போட்டிருக்கிறார். தவறு அவருடையதன்று. இலங்கையில் பௌதிகம் படித்தவர்களுக்குச் சீராக்கல் என்றால் ஆடலோட்டத்தை (ஏசி) நேரோட்டமாக்குவதே (டிசி); ஓல்ரனேற்றரில் அதைச் செய்வது டயோட் தகடு. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அந்த வேலையைச் செய்யும் கருவியை அலைத்திருத்தி என்பதால் அங்குள்ளவர்களுக்கு இந்தக் குழப்பம் கண்ணில் படாமல் இருக்கலாம். ஓல்ரனேற்றருக்குள் இரண்டு உறுப்புகளும் அருகருகே இருக்கையில் ஒரே சொல் இரண்டையும் சுட்டக்கூடாது.

ரெகுலேற்றர் என்ன செய்கிறது என்று பார்த்தே பெயரிட வேண்டும். என் வண்டியில் உள்ள லூக்காஸ் ஆர்பி106 என்ற மின்னேற்றக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்தால் இரண்டு சுருள்கள் தெரியும். ஒன்று ரெகுலேற்றர். எஞ்சின் வேகம் கூடக்கூட டைனமோவின் வோல்ற்றளவும் ஏறுகிறது. குறித்த எல்லையை அது தாண்டியதும் சுருளின் காந்தம் மேலுள்ள இரும்புத் தகட்டை இழுக்க, தொடுமுனை பிரிந்து, டைனமோவின் புலச்சுருளுக்கு (காந்தப்புலத்தை உண்டாக்கும் சுருள்) போகும் மின்னோட்டம் ஒரு தடையின் வழியாகவே போக நேர்கிறது. உடனே வோல்ற்றளவு இறங்க, முனைகள் மீண்டும் ஒட்டுகின்றன. ஒரு விநாடிக்குள் இது பல தடவை நடப்பதால் பார்ப்பவருக்குத் தகட்டின் மெல்லிய நடுக்கம் மட்டுமே தெரியும். எல்லை மீறுவதை மட்டுக்குள் வைத்திருக்கும் இந்தச் செயலுக்கு 'மட்டுறுத்தி' என்பதே இயல்பாக அமைகிறது என்பது என் கருத்து. 'நிலைப்படுத்தி' என்றும் ஒருவர் சொன்னார். வீட்டு ஸ்ரெபிலைசர் தாழ்ந்த வோல்ற்றளவை உயர்த்தியும் தருவது. இந்தப் பெட்டியால் அது முடியாது, எஞ்சின் மெதுவாக ஓடுகையில், மின்னேற்றம் இல்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிவதே அதற்குச் சான்று. இணையத்தில் மட்டுறுத்துநர் என்ற சொல் மொடரேற்றர் என்ற வேறு பொருளில் வழங்குகிறதே என்றால், -நர் ஆளைக் குறிப்பது, -இ கருவியைக் குறிப்பது, மயக்கத்துக்கு இடமில்லை.

மற்றச் சுருள் கட்டவுட். எங்கள் மெக்கானிக்குகள் முழுப் பெட்டியையுமே கட்டவுட் என்பார்கள்; பேச்சில் அது அப்படியே இருக்கட்டும், எழுத்தில் பிரிப்போம். டைனமோவின் வோல்ற்றளவு 12.7 முதல் 13.3 வோல்ற் வரை வந்ததும் இதன் முனைகள் ஒட்டிப் பற்றரிக்கு மின்னேற்றுகின்றன. டைனமோ தளர்ந்து பற்றரியின் மின்னோட்டம் பின்னோக்கிப் பாயத் தொடங்கினால் பிரிந்துவிட வேண்டும். என் வண்டியில் அவை பிரியவில்லை. எஞ்சினை நிறுத்தி வெகு நேரமான பின்பும் டைனமோவில் கை வைக்க முடியாத சூடு. மூடியைத் திறந்தபோது முனைகள் கருநீலமாகக் கன்றி ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்தன. கட்டவுட்டுக்குப் 'பின்னோட்டத் துண்டிப்பி' என்ற பரிந்துரை முதலில் எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் இப்போது பழைய கூட்டுக்குள்ளேயே மின்னணுச் சுற்று வைத்துத் தரும் மாற்றுப் பெட்டிகளில் இந்த வேலையை ஒரு டயோட் செய்கிறது. அது எதையும் துண்டிப்பதில்லை, பின்னோக்கி விடுவதில்லை, அவ்வளவே. 'பின்னோட்டத் தடுப்பி' என்றால் இரண்டுக்கும் பொருந்தும்.

திருத்திய குறிப்பில் இவ்வாறு எழுதியுள்ளேன்: "முதலில் பற்றரி இணைப்பைக் கழற்றுங்கள். பெட்டியின் எஃப், ஏ, ஏ1, டி, ஈ முனைகளின் வயர்களுக்கு அடையாளமிட்டு, ஒவ்வொன்றாகப் புதிய பெட்டிக்கு மாற்றுங்கள். மின்னணு மட்டுறுத்தியாயின், உங்கள் வண்டியில் புவித்தொடுப்பு (பற்றரியை வண்டியின் உடலோடு இணைப்பது) நேர்முனையிலா எதிர்முனையிலா என்று பார்த்து, அதற்கேற்றதையே வாங்குங்கள்."

டைனமோவையும் சேர்த்து மாற்றுவோர், ஓட்டுமுன் டைனமோவின் எஃப் முனையில் பற்றரி மின்னைக் கணநேரம் தொட்டு அதன் காந்த முனைவைச் சரியாக்க வேண்டும். அதற்கு 'முனைவூட்டல்' என்று எழுதியிருக்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் தெரிவியுங்கள்.